திமிங்கிலம் நனைத்த பனியன்

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். நாம் யாரும் கடையில் சட்டை வாங்கி உடுத்தி வளர்ந்தவர்கள் இல்லை. பனியன் கம்பெனி கழித்துத் தள்ளியதை உடுத்தி வளர்ந்தவர்கள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கழுத்துப் பட்டி இளகித் தோளில் தொங்கும். அச்சு விலகிப்போய், சிரிக்கிற பூனைக்கு மூக்கு கன்னத்தில் விழுந்திருக்கும். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பிள்ளைக்கென்று வெட்டிய துணி, எங்கோ ஒரு தையல் பிசகியதால் நமக்கு வந்து சேரும். அந்தப் பிள்ளைகளின் பனிமனிதர்களும் நாய்க்குட்டிகளும் திருப்பூர் பல்லடம் ரோட்டு வெயிலில் நம் நெஞ்சின் மேல் ஏறிக்கொண்டு அலைந்தார்கள்.

எனக்கு வாய்த்தது ஒரு திமிங்கிலம். நீலக் குண்டு உடம்பு. மனிதர்களைப்போல் புருவம். மண்டையிலிருந்து குடை விரித்த மாதிரி தண்ணீர். பக்கத்தில் விரல் நகம் அளவில் ஒரு பாய்மரப் படகு. ஆறாம் வகுப்பு முழுக்க அந்தப் பனியனைத்தான் போட்டேன். அப்பா ஒருநாள் என்னை அருகில் இழுத்து, அச்சின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத வரஞ்சவன் கடலப் பாத்தவன் இல்ல. அது தண்ணியத் துப்பாது மக்கா. மூச்சு விடும். இந்தா குடை மாதிரி இருக்கு பாரு, அது மூச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, யாரோ உள்ளிருந்து நாரை உரிப்பதுபோல இருமினார். மூச்சு என்ற சொல் அந்த வருடம் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல்லாக இல்லை.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். தோணியில் பாய் இழுத்தவர். தோணி என்றதும் ஆற்றைக் கடக்கிற சின்னப் படகை நினைத்துவிடாதீர்கள். வயிறு நிறைய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, காற்றை மட்டும் நம்பிக் கடல் தாண்டுகிற பெரிய மரக்கலம் அது. தோணிகளுக்குச் சரக்குக் கிடைக்காமல் போன ஒரு காலத்தில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தார். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் நின்றார். அம்மா அதே கம்பெனியில் கைமடி. தைத்துத் தள்ளுகிற பீஸை வாங்கி, பிசிறு நறுக்கி, மடித்து அடுக்குகிற வேலை.

இருமல் வந்தபோது பஞ்சுத் தூசி என்றார்கள். கம்பெனியில் இருமாதவர் யார்? வாழைப்பழம் தின்றால் தொண்டையில் ஒட்டிய பஞ்சு வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னார். அப்பா பழமாகத் தின்றார். உடம்பு கரைந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரி, சளிப் பரிசோதனை, டி.பி. என்கிற இரண்டெழுத்து. மாதக்கணக்கில் ஒருநாளும் விடாமல் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். அம்மா மாத்திரைகளை ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அந்த மாத்திரைகளில் ஒன்று சிவப்பு. அது உள்ளே போனால் உடம்பில் ஊறுகிற நீரெல்லாம் நிறம் மாறிவிடும். சிறுநீர், எச்சில், கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு. வேர்வையும்கூட. நொய்யல் ஆறு ஒருநாள் சிவப்பும் ஒருநாள் ஊதாவுமாக ஓடுகிற ஊரில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்குள் யாரோ சாயப்பட்டறை போட்டுவிட்டார்கள் என்றே நம்பினேன். சிரிக்காதீர்கள். பெரியவர்கள் நம்பியதும் ஏறக்குறைய அதுதான். "பயப்படாதீங்க, அப்படித்தான் வரும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நிறம் வருவது நோயாலா மருந்தாலா என்று அவர்கள் விளக்கவில்லை. இவர்களும் கேட்கவில்லை. நோய்தான் உருகி வெளியேறுகிறது என்று அம்மா தானாக முடிவுசெய்துகொண்டாள். புதுத்துணியை அலசும்போது சாயம் இறங்குகிறதே, அந்த மாதிரி. முழுக்க இறங்கிவிட்டால் தண்ணீர் தெளியும், துணி தேறிவிடும். திருப்பூரில் சோறு தின்கிற யாருக்கும் தெரிந்த கணக்கு.

நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாகக் கதவுகள், எல்லாக் கதவுக்கும் பொதுவாக ஒரே துணிக்கொடி. அந்தக் கொடியில் அப்பாவின் வெள்ளைப் பனியன் காயும், அக்குளிலும் முதுகிலும் ஆரஞ்சுத் திட்டோடு. வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே பெண்களுக்குக் கையில் எடுத்ததும் கறையைத் தேடுவதுதான் வேலை. அம்மா பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துப் பார்த்தாள், நீலம் முக்கிப் பார்த்தாள், கடைசியில் தன் சேலைக்கு அடியில் மறைத்து உலர்த்தினாள். அப்படியும் லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங், ஊட்டுக்காரருக்கு ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

"இப்ப பரவால்லம்மா. மாத்திர குடுக்காக."

"குத்தமா நெனச்சுக்காதீங்க. நீங்க தங்கமான சனம். ஆனாப் பாருங்க, லைன்ல பூராவும் கைக்கொழந்தைக. அந்தப் பனியனக் கொடில பாத்தா எல்லாத்துக்கும் பக்குங்குது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள தேறிட்டாருன்னா இருங்க, நானா வேண்டாங்கறேன்? இல்லீன்னா வேற ஊடு பாத்துக்கறது நல்லதுங்க." போகும்போது என் தலையைத் தடவி, "கண்ணு, சாப்பிட்டியா?" என்றும் கேட்டார். கெட்டவர் இல்லை. இத்தனை பணிவாக ஒருவரை வெளியேறச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆக, அந்தக் கோடை முழுவதும் அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா தேற வேண்டும். தேறியது கொடியில் தெரிய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், ஒரு தோணியின் தண்டல். தோணியை நடத்திப் போகிற தலைவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வாசலில் குனிந்து நுழைந்தவர் அப்பாவைப் பார்த்ததும் நிமிரவேயில்லை.

"ஏல தம்பி, என்னல இது? கருவாடால்ல கெடக்க?"

"மாத்திர திங்கேன்ணே. இப்ப எவ்வளவோ தேவல."

"மாத்திர திங்க சரி. மூச்ச எங்கன போயி வாங்குவ? இந்த ஊர்ல காத்தா வீசுது, நூலுல்ல பறக்கு." அம்மா பக்கம் திரும்பினார். "இந்தா பிள்ள, லீவு சொல்லிட்டுக் கெளம்பு. தோணிக்கு மராமத்து முடிஞ்சுபோச்சு, புதுப்பாய் ஏத்தியாச்சு. கச்சான் காத்து முறுக்குததுக்கு முன்ன வெள்ளோட்டம் போறோம். மணப்பாட்டுக்குத் தெக்க, ஆழத்துல திமிங்கிலம் மேயுதுன்னு வள்ளத்துக்காரனுவ சொல்லுதானுவ. அது விடுத மூச்சு ஒருக்கா இவன் நெஞ்சுல பட்டுட்டுன்னு வையி, எந்தச் சளியும் தங்காது. எங்க அய்யா சொன்னது."

கரையில் எல்லோரும் அப்படி நம்பினார்களா, அவர் அப்பாவழியில் மட்டும் வந்த நம்பிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிற்பாடு எத்தனையோ மீனவர்களிடம் கேட்டுவிட்டேன். சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் சிரித்தார்கள். அன்று எங்கள் பத்துக்குப் பத்து அறையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கண் பளிச்சென்று ஆனது. அம்மா மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பவுடர் டப்பாவை எடுத்து, என் திமிங்கிலப் பனியனில் சுற்றிப் பையின் அடியில் வைத்தாள்.

பழுது பார்த்த தோணி, சரக்கு ஏற்றும் முன் ஒருநாள் வெறுமனே கடலோடித் திரும்பும். அன்றைக்கு மட்டும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஏறலாம். வேறு எந்த நாளிலும் ஒரு பெண்ணின் பாதம் அந்தப் பலகையில் படக்கூடாது. வெள்ளோட்டத்தில் மட்டும் படாமல் போகக்கூடாது. அம்மா சோற்றுப் பானையும் புளிக்குழம்பும் ஏந்திப் பலகை மேல் தத்தித் தத்தி ஏறினாள். மரத்தில் பூசிய எண்ணெய் வாசம், தேங்காய் நார்க் கயிற்றின் வாசம், வெயிலில் கஞ்சி மொடமொடப்போடு புதுப்பாயின் வாசம். அந்த மூன்றையும் யாராவது ஒரு சீசாவில் அடைத்துக் கொடுத்தால் நான் வைத்திருக்கும் எதையும் கொடுத்துவிடுவேன்.

தோணிக்காரர்கள் அப்பாவைச் சும்மா விடவில்லை.

"வாங்க திருப்பூர் தொர! கத்திரி கொண்டாந்தியளா? பாய வெட்டி எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஜட்டி தச்சுருங்க."

"ஒன் சைசுக்கு இந்தப் பாய் பத்தாதுல," என்றார் அப்பா.

தோணியே குலுங்கியது. அவர் பாயின் ஓரத்தை எடுத்து இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். துணி அசையவில்லை. "பாத்தியா மக்கா, இது நெசவு. நம்ம பனியன் துணி காத்தடிச்சா தொப்ப போட்டுரும். இது நிக்கும்." வருடக்கணக்கில் மேசை மேல் துணியைத் தடவித் தடவி வெட்டியவரின் விரல், அந்தப் பாயை மேசை மேல் தடவுவது மாதிரி தடவவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவுவது மாதிரி தடவியது.

பாய் ஏறியதும் சத்தம் நின்றுவிட்டது. உங்களுக்கு இதை எப்படிச் சொல்வேன்? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மெஷின் ஓடாத ஒரு பகலைக் கேட்டதில்லை. இரவிலும் ஏதாவது ஒரு சந்தில் ஓவர்லாக் கடகடத்துக்கொண்டே இருக்கும். இங்கே மோட்டார் இல்லை. ஒரு பெரிய பொருள் சத்தமில்லாமல் நகர்ந்தது. தண்ணீர் பலகையை உரசிக் கிசுகிசுத்தது, அவ்வளவுதான். அம்மா என்னை மடியில் இடுக்கிக்கொண்டு மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தாள். கரை ஒரு தென்னோலைக் கீற்றாகி, அதுவும் வெளுத்துப் போனது.

முதலில் வந்தது வாசம்தான். அழுகிய மீனும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு நாற்றம். பெரியப்பா சுக்கானில் நின்றபடி மூக்கை உயர்த்தினார். அப்புறம் சத்தம். சாயப்பட்டறையில் பாய்லரைத் திறந்துவிட்டால் வருமே, புஸ்ஸென்று ஒரு நீளப் பெருமூச்சு, அதே சத்தம். நான் திரும்பிப் புகைபோக்கியைத் தேடினேன்! நடுக்கடலில்!

"அந்தா! அந்தா!"

தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு. முதுகு என்று சொல்ல வாய் வரவில்லை. அது வந்துகொண்டே இருந்தது. கறுப்பாக, வழவழவென்று, முடிவில்லாமல் உருண்டு உருண்டு வந்து, கடைசியில் அரிவாள் முனை போல ஒரு சின்னத் துடுப்பு தெரிந்து அமிழ்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, சின்னது. குட்டி. தாய் மூச்சுவிட்டால் குட்டியும் அவசர அவசரமாக மூச்சுவிட்டது. பெரியவர்கள் செய்வதையெல்லாம் செய்து பார்க்கிற பிள்ளையின் அவசரம். பனியனில் இருந்த புருவம் இல்லை, சிரிப்பு இல்லை. தோலில் கீறல்கள், வட்ட வட்டத் தழும்புகள். கழுவாத சிமெண்டுத் தொட்டியைப்போல அதற்கு ஒரு பழைமை இருந்தது.

வழக்கமாகத் தோணிக்காரர்கள் திமிங்கிலத்துக்குக் காற்றுமேலே ஒதுங்கிப் போவார்கள். நாற்றம் நம்மேல் வராது, அது மிரண்டாலும் விலகிக்கொள்ளலாம். பெரியப்பா அன்று சுக்கானை மறுபக்கம் ஒடித்தார். அதற்குக் காற்றுக் கீழே, அதன் மூச்சு நேராக எங்கள் மேல் வந்து விழும்படி, தோணியைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார்.

"தண்டலே, வேண்டாம்! குட்டியோட இருக்கு. வாலால ஒரு தட்டுத் தட்டிச்சுன்னா பலக பேந்துரும்!" ஒருவர் கத்தினார்.

"பேந்தா நான் பாத்துக்கிடுதேன். பாயத் தளத்துல!" பெரியப்பா குரலில் என்றைக்கும் கேட்காத ஒரு உடைசல். "தம்பி! அணியத்துக்குப் போ. முன்னால போயி நில்லு. சட்டையக் கழத்திட்டு நில்லு!"

அப்பா சட்டையைக் கழற்றினார். ஆரஞ்சுத் திட்டுப் பனியனோடு தோணியின் மூக்கில் போய்க் கயிற்றைப் பிடித்து நின்றார். எலும்புகள் பனியன் வழியாகவே தெரிந்தன. அம்மா என்னை இறக்கிவிட்டு எழுந்தாள். முணுமுணுப்பு நின்றிருந்தது.

அது எங்களுக்குப் பக்கத்தில், துணி வெட்டும் மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இருக்கிற தூரத்தில், எழுந்தது. முதலில் பச்சைத் தண்ணீருக்கு அடியில் ஒரு வெளிறல். பிறகு தலை. பிறகு ஒரு கண். அந்தக் கண்ணைப் பற்றி நான் எத்தனை முறை எழுதிப் பார்த்துக் கிழித்திருக்கிறேன். சின்னக் கண். அத்தனை பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண். அது எங்களைப் பார்த்தது, அல்லது வெறுமனே திறந்திருந்தது. மண்டையில் இரண்டு துளை அகலமாகத் திறந்தன.

"மூச்ச இழுல!" பெரியப்பா அலறினார். "உள்ள இழு! உள்ள இழு!"

அது மூச்சு விட்டது. வெள்ளையாக ஒரு தூண் எழும்பி, காற்றில் சாய்ந்து, அப்பாவின் மேல் முழுசாகக் கவிழ்ந்தது. ஒரு கணம் அப்பா தெரியவில்லை. வெயிலில் அந்தப் புகையில் ஒரு துண்டு வானவில் தோன்றி அறுந்தது. புகை விலகியபோது அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, மார்பு உயர நின்றார். முடியெல்லாம் சொட்டியது. இருமப்போகிறார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

இருமவில்லை.

"நாறுதுல!" என்றார் அப்பா. "செத்த நண்டு மாதிரி நாறுது!" சொல்லிவிட்டுச் சிரித்தார், வயிறு குலுங்க, நிறுத்தாமல். அவ்வளவு சிரித்தும் இருமவில்லை. தோணிக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். அம்மா அழுதாள். பெரியப்பா சுக்கானைப் பிடித்த கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். தாயும் குட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக முதுகு காட்டித் தெற்கே போயின. வாலைத் தூக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போயின.

திரும்பி வரும்போது அப்பா மற்றவர்களோடு சேர்ந்து பாய்க்கயிற்றை இழுத்தார். யாரும் தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்பாவை முழு ஆளாகப் பார்த்தது அந்த ஒரு மாலையில்தான். கயிறு இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அவர்தான் முதல் குரல் கொடுத்தார்.

இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்பை அவருக்கு வாங்கிக் கொடுத்தது திமிங்கிலம் இல்லை. இரண்டு மாதமாக உள்ளே போன மாத்திரை. அது தன் வேலையைப் பாதிக்குமேல் செய்து முடித்திருந்தது. நல்ல பெயர் மட்டும் வேறொருவருக்குப் போய்விட்டது.

கரையில் இறங்கியதும் அம்மா கடுங்காப்பியும் மாத்திரையும் நீட்டினாள். பெரியப்பா அவள் கையைப் பார்த்தார்.

"இன்னும் எதுக்கு பிள்ள அது? அந்தச் சூட்டுக்குத்தான ஒடம்பு கரையுது."

"டாக்டரு விடாமக் குடுக்கச் சொல்லிருக்காக மச்சான்."

"டாக்டரு நம்ம இன்னைக்குப் பாத்தத பாத்தாரா? ரெண்டு நாளு பாப்போம். இருமுனா குடு. நானா வேண்டாங்கேன்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன் இஷ்டம்," என்றார். அம்மா மாத்திரையை டப்பாவில் திரும்பப் போட்டு மூடினாள். மூடி இறுகுகிற அந்தச் சின்னச் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் எதையும் நான் அதன்பிறகு கேட்டதில்லை.

அவர் இருமவில்லை. மீனும் சோறுமாகத் தின்றார். கன்னம் மினுங்கியது. சில நாள் கழித்து ஒரு காலையில் அம்மா கிணற்றடியில் பனியனைத் துவைத்துவிட்டு, அலசிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பனியனை உதறி வெயிலுக்கு நேரே பிடித்தாள். அக்குளில் திட்டு இல்லை, முதுகிலும் இல்லை. உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள், கம்பெனியில் ஒவ்வொரு பீஸையும் பார்ப்பதுபோல.

"சாயம் எறங்கிருச்சு," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "எல்லாம் எறங்கிருச்சு." ஈரப் பனியனை அப்படியே முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

சிவப்பு மாத்திரையை நிறுத்தினால் சில நாளில் நிறம் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். இதை அன்று அவளிடம் சொல்ல அந்தக் கரையில் ஒருவர்கூட இல்லை.

பள்ளி திறக்கும் முன் திருப்பூர் வந்துவிட்டோம். அம்மா முதல் வேலையாகப் பனியனைத் துவைத்துப் பொதுக்கொடியில், நட்டநடுவில், எதையும் மேலே போடாமல் காயவைத்தாள். சொந்தக்காரம்மா நின்று பார்த்தார்.

"அட, பாலாட்ட வெளுத்துருச்சுங்களே! நான் வேண்டாத சாமியில்லீங்க. இருங்க, இருங்க, எங்கீங்க போறீங்க நீங்க?" என்று சொல்லி, அன்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் வெல்லக் கச்சாயம் கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் விசாரிக்க வந்தவரிடம் அம்மா, "மாத்திர ஊர்லயே வாங்கிட்டோம்ங்க," என்றாள். முகம் மலரச் சொன்னாள். பொய் சொல்கிறவர்களின் முகம் அப்படி இருக்காது. தேவைப்படாத ஒன்றுக்காக ஒருவரை அலையவிட வேண்டாமே என்று நினைத்தவளின் முகம் அது.

மழைக்காலம் வரைக்கும் நன்றாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அப்பா ஓவர்டைம் பார்த்தார். ஞாயிறுகளில் என்னைக் கோயிலுக்குத் தோளில் தூக்கிப் போனார், நான் தோளில் ஏறுகிற வயதைத் தாண்டியிருந்தும். மார்கழிப் பனியில் மறுபடி இருமல் வந்தது. இந்த முறை யாரும் வாழைப்பழம் சொல்லவில்லை. ஒருநாள் மேசையில் அடுக்கியிருந்த வெள்ளைத் துணியின் மேல் அவர் இருமினார். அடுக்கில் எத்தனை துணி ஊறியதென்று பார்க்க மாஸ்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினாராம். புரட்டப் புரட்ட இரத்தம் இருந்ததாம். அம்மா அங்கேதான் மடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய டப்பாவை எடுத்து மாத்திரையைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் புது மாத்திரைகளும் கொடுத்தார்கள். திட்டு மறுபடி வந்தது, ஆனால் அப்பா தேறவில்லை. ஊருக்கு வெளியே வேப்பமரங்களுக்கு நடுவே இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரியப்பா தகவல் கேட்டு ஓடி வந்தார். வந்த அன்றைக்கே அது நடந்தது.

இளவயது டாக்டர். சலித்துப்போயிருந்தார், பாவம். அந்த வார்டு முழுக்க அப்பாக்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நல்லாத் தேறி வந்திருக்குது. நடுவுல எதுக்குய்யா நிறுத்துன? யாரு நிறுத்தச் சொன்னது?"

கட்டிலின் தலைமாட்டில் பெரியப்பா. கால்மாட்டில் அம்மா. அம்மாவின் கை கட்டில் கம்பியை இறுக்கியது. பெரியப்பாவின் வாய் திறந்தது. "அய்யா, நாந்தான்..." என்று அவர் ஆரம்பித்துவிட்டார். அப்பா தலையைத் திருப்பாமலே அந்தப் பேச்சை வெட்டினார்.

"மறந்துட்டேனுங்க."

"மறந்துட்டியா? மாசக்கணக்காவா மறப்பே?"

"ஆமாங்க. ஓவர்டைமுங்க. எனக்கு எப்பவுமே மறதி ஜாஸ்திங்க."

எங்களோடு பேசும்போது அவர் வாயில் ஒருநாளும் வராத அந்த ஊர் 'ங்க' அத்தனை சுளுவாக வந்தது. டாக்டர் திட்டினார். குடும்பம் இருக்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா, படித்துப் படித்துச் சொல்லி என்ன பிரயோஜனம், இனி இந்த மருந்து கேட்காது என்றெல்லாம் சொன்னார். அப்பா அத்தனையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப்போல லேசாகச் சிரிக்கவும் செய்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் பெரியப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர், வண்டிக்கு நேரமாகும்வரை உள்ளே வரவில்லை.

அடுத்த கோடை வருவதற்குள் அப்பா போய்விட்டார். கடற்கரைக்குக் கொண்டுபோகலாம் என்று பெரியப்பா கெஞ்சினார். அம்மா மறுத்துவிட்டாள். செம்மண்ணில், திருப்பூரிலேயே புதைத்தோம். அதன்பிறகு பெரியப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. ஒருவரையொருவர் குற்றம் சொன்னதும் இல்லை. அப்பா இருவரையும் ஒரே வார்த்தையில் விடுவித்துவிட்டுப் போயிருந்தார். விடுதலை அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள், பெருமாநல்லூரில். போன வாரம் என் மகள் சாப்பிட்டுக்கொண்டே, "தாத்தா எதனாலம்மா செத்தாரு? சின்ன வயசுதான?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், சுவரோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்.

"மறதி. மாத்திரையப் போட மறந்துட்டாக. ஒங்க தாத்தாவுக்கு எல்லாத்துலயும் மறதி."

குரலில் தயக்கம் இல்லை. சொல்லிச் சொல்லி, எந்த வருடம் என்று தெரியாத ஒரு வருடத்தில் அவள் அதை நம்பத் தொடங்கியிருக்க வேண்டும். எந்தக் கடையில் வாங்கிய கத்திரி எத்தனை முறை சாணை பிடித்தது என்பதுவரை நினைவில் வைத்திருந்த மனிதர் அப்பா. நான் பிறந்த அன்று எந்தத் திசைக் காற்று என்று சொல்வார்.

கத்தி நின்றது. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வையில் கண்புரை மங்கல், அதற்கு அடியில் வேறு ஏதோ.

"என்ன, நான் சொல்லுதது சரிதான?"

"ஆமாம்மா," என்றேன். "அப்பாவுக்கு ரொம்ப மறதி."